நாலாவது மாடிப் பாட்டி

(அம்மாவின் நினைவாக நம் குடியிருப்பின் சமுதாயக் கூடத்தில் கூடியபோது நான் பேசியது. அன்று வர முடியாத சிலர் கேட்டார்கள். அவர்களுக்காக, ஏறக்குறைய பேசியபடியே எழுதித் தந்திருக்கிறேன்.)



ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம், அதுவும் தண்ணீர் லாரி வரும் நேரம். அதையும் விட்டுவிட்டு இத்தனை பேர் வந்திருக்கிறீர்கள். முதலில் அதற்கு நன்றி. இந்தக் கூடத்தில் நான் மைக்கைப் பிடித்தபோதெல்லாம் பராமரிப்புக் கட்டணம், பார்க்கிங், லிஃப்ட் பழுது என்றுதான் பேசியிருக்கிறேன். மூன்று வருஷம் செயலாளராக இருந்ததில் உங்களில் பாதிப் பேரோடு சண்டையும் போட்டிருக்கிறேன். அந்த நாட்களில் நடந்த ஒரு விஷயத்தையும் இன்றைக்குச் சொல்ல வேண்டியிருக்கிறது. கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள், வரிசையாக வருகிறேன்.

அம்மாவுக்கு 83 வயது. அது நாங்கள் போட்ட கணக்குதான், பிறப்புச் சான்றிதழ் எதுவும் கிடையாது. 1952 நவம்பர் கடைசியில் நாகப்பட்டினம் பக்கம் ஒரு பெரிய புயல் கரை கடந்தது. எங்கள் தஞ்சாவூர் ஜில்லாவில் பழைய ஆட்கள் வயதுக் கணக்கையே அந்தப் புயலை வைத்துத்தான் சொல்வார்கள். ஆதார் அட்டை எடுக்கப் போன இடத்தில் பிறந்த தேதி கேட்ட பையனிடம் அம்மா, "புயலடிச்சப்ப எனக்குப் பத்து வயசுப்பா" என்றார். அந்தப் பையன் 1952 புயலை எங்கே கண்டான்? நான் கணக்குச் சொல்ல, 1942 ஜனவரி 1 என்று அடித்துக் கொடுத்துவிட்டான். அதிலிருந்து நம் குடியிருப்பில் புத்தாண்டுக்கு கேக் வெட்டும்போதெல்லாம் அம்மா முதல் வரிசையில் வந்து உட்கார்ந்துகொள்வார். "கவர்மெண்டே எனக்குத்தான் கேக் வெட்டச் சொல்லியிருக்கு" என்பார். அதைக் கேட்டுச் சிரித்தவர்கள் இங்கே பலர் இருக்கிறீர்கள்.

ஊர் மன்னார்குடி. ஹரித்ரா நதி என்று பெயர், ஆனால் அது நதி இல்லை, தெப்பக்குளம். அதன் கரையிலிருந்து கூப்பிடு தூரத்தில் எங்கள் வீடு. ஓட்டு வீடு, கொல்லையில் ஒரு கிணறு, மூன்று தென்னை, ஒரு முருங்கை. அப்பா கூட்டுறவு சங்கத்தில் குமாஸ்தா. 1981-ல் அப்பா தவறியபோது எனக்குப் பதின்மூன்று வயது, தங்கைக்கு ஒன்பது. அம்மாவுக்கு நாற்பது ஆகவில்லை. படிப்பு ஐந்தாம் வகுப்பு.

அடுத்த வருஷம் ஜூலையில் எம்.ஜி.ஆர். சத்துணவுத் திட்டத்தைத் தொடங்கினார். கணவரை இழந்த பெண்களுக்கு அந்த வேலையில் முன்னுரிமை உண்டு. பக்கத்து ஊர்ப் பள்ளிக்கூடத்தில் அம்மாவுக்குச் சமையல் வேலை கிடைத்தது. விறகடுப்பு, கூரைக் கொட்டகை, மழை வந்தால் புகை. தினமும் நூற்று நாற்பது பிள்ளைகளுக்குச் சோறு. 1989-ல் இரண்டு வாரத்துக்கு ஒரு முட்டை கொடுக்கச் சொல்லி உத்தரவு வந்தது. முட்டை போடும் நாளில் மட்டும் வருகைப் பதிவேடு நிறைந்துவிடும் என்று அம்மா சொல்வார். அன்றைக்கு மட்டும் தலை காட்டும் பிள்ளைகளின் பெயரைக் கூடக் கடைசிவரை மறக்கவில்லை. அந்தச் சம்பளத்தில்தான் நான் பாலிடெக்னிக் படித்தேன், தங்கை டீச்சர் டிரெயினிங் முடித்தாள். அது எப்படி முடிந்தது என்று இப்போது கணக்குப் போட்டுப் பார்த்தாலும் எனக்குப் பிடிபடவில்லை.

இங்கே அம்மா வந்தது 2007-ல். நாம் எல்லோரும் குடிவந்த வருஷம்தான். என் மகளுக்கு ஆறு வயது, மகனுக்கு ஒரு வயது. மனைவியின் விடுப்பு முடிந்துவிட்டது. "ஆறு மாசம் வந்து இரும்மா" என்று போனில் கூப்பிட்டேன். அந்த ஆறு மாசம் பதினெட்டு வருஷமாகிவிட்டது.

முதலில் லிஃப்ட். தனியாக ஏற மாட்டார், பயம். நாலு மாடியும் படியேறித்தான் வருவார். காய்கறிப் பையை இரண்டாவது மாடித் திருப்பத்தில் வைத்துவிட்டு மூச்சு வாங்க உட்கார்ந்திருப்பதைப் பார்த்தவர்கள் உண்டு. என் மகள்தான் ஒரு வழி செய்தாள். பொத்தானில் எண்கள் தேய்ந்து போயிருந்தன, அம்மாவுக்குத் தெரியவில்லை. நாலாம் எண் மேல் ஒரு சிவப்பு ஸ்டிக்கர் பொட்டு, தரைத்தளப் பொத்தான் மேல் ஒரு பச்சைப் பொட்டு. "சிவப்பு வீட்டுக்கு, பச்சை கடைக்கு, அப்பாயி" என்று சொல்லிக் கொடுத்தாள். நம் பி பிளாக் லிஃப்டில் பொட்டு ஒட்டுவது யார் என்று ஒரு கூட்டத்தில் கேள்வி வந்தது ஞாபகம் இருக்கும். நான் வாயே திறக்கவில்லை.

சாயங்காலம் மூன்றே முக்காலுக்கு ஸ்கூல் வேன் வரும். மூன்றரைக்கே அம்மா கேட்டுக்குப் போய் நிற்பார். எங்கள் பிள்ளைகளுக்காகத்தான் போனார். ஆனால் அப்பா அம்மா இரண்டு பேரும் வேலைக்குப் போகிற வீட்டுப் பிள்ளைகள் ஐந்தாறு பேர் அந்த வேனில் இருந்தார்கள். யார் சாவியை மறந்தது, யார் சாப்பாட்டுப் டப்பாவை அப்படியே திருப்பிக் கொண்டுவந்தது என்று அம்மாவுக்குத் தெரியும். சத்துணவுக் கூடத்தில் வேலை பார்த்த கை, டப்பாவைத் தூக்கினாலே எடை தெரிந்துவிடும். அந்தப் பிள்ளைகளில் இரண்டு பேர் இப்போது பெங்களூரில் வேலை பார்க்கிறார்கள். செய்தி கேட்டு ராத்திரி பஸ் பிடித்து வந்து நின்றார்கள்.

என் மகனுக்குச் சின்ன வயதில் இழுப்பு. ராத்திரி இரண்டு மணிக்கு நெபுலைசர் வைக்க வேண்டியிருக்கும். எனக்குக் காலையில் ஷிஃப்ட், மனைவிக்கு பேங்க். "நீங்க தூங்குங்க, நான் பகல்ல படுத்துக்கறேன்" என்பார். பகலில் படுத்து யாரும் பார்த்ததில்லை. ஒரு தடவை டாக்டரிடம் போனபோது அம்மாவும் கூட வந்தார். இடுப்பிலிருந்து ஒரு கட்டுக் காகிதத்தை எடுத்து மேஜை மேல் வைத்தார். தினசரி காலண்டரில் கிழித்த தாள்கள். இழுப்பு வந்த நாளையெல்லாம் எடுத்து வைத்திருக்கிறார். பின்பக்கத்தில், எழுத்துக் கூட்டி, "மழை", "கொசுவத்தி", "ஐஸ்", "கொசுவத்தி" என்று எழுதியிருக்கிறது. டாக்டர் ஒவ்வொரு தாளாகப் புரட்டிப் பார்த்துவிட்டு, முதலில் கொசுவத்தியை நிறுத்துங்கள் என்றார். கொசுவலை வாங்கினோம். இழுப்பு அடியோடு போகவில்லை, ஆனால் ராத்திரி எழுந்திருப்பது வெகுவாகக் குறைந்தது. பக்கத்தில் படுத்திருந்த நான் அத்தனை நாளும் கொசுவத்தி ஏற்றிக் கொண்டுதான் இருந்தேன்.

2015 டிசம்பர் வெள்ளத்தைப் பற்றி உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. தாம்பரத்தில் ஒரே நாளில் 49 சென்டிமீட்டர் மழை. கார் நிறுத்தும் இடத்தில் மார்பளவு தண்ணீர், மோட்டார் அறை முழுகிவிட்டது, கரண்ட் இல்லை, போன் இல்லை. அம்மாவுக்குக் குழாய் மேல் எப்போதும் நம்பிக்கை கிடையாது. குடம், அண்டா, பக்கெட் என்று வீட்டில் இருந்த அத்தனையிலும் எப்போதும் தண்ணீர் பிடித்து வைத்திருப்பார். இடத்தை அடைக்கிறது என்று நான் எத்தனையோ தடவை கத்தியிருக்கிறேன். அந்த மூன்று நாளும் பி பிளாக் குடித்தது அந்தத் தண்ணீரைத்தான். தரைத்தளத்துக் குடும்பங்களும் செக்யூரிட்டிகளும் எங்கள் மாடி வராந்தாவில் தங்கியிருந்தார்கள். அம்மா தலையை எண்ணிவிட்டு, "பிள்ளைக்கு நூறு கிராம், பெரியவங்களுக்கு ஒன்றரைப் பங்கு" என்று ஒவ்வொரு வீட்டிலும் எவ்வளவு அரிசி வாங்க வேண்டும் என்று சொல்லிவிட்டார். சாம்பார் சாதம்தான், மூன்று வேளையும். யாரும் குறை சொல்லவில்லை. 'நாலாவது மாடிப் பாட்டி' என்ற பெயர் அப்போது வந்ததுதான்.

இனி சங்கடமான பகுதிக்கு வருகிறேன்.

2009-ல் மன்னார்குடி வீட்டை விற்றோம். விற்றோம் என்று பன்மையில் சொல்வது எனக்கு வசதியாக இருக்கிறது. விற்றது நான். வீட்டுக் கடன் கழுத்தை நெரித்தது, அங்கே வீடு பூட்டிக் கிடந்தது. அம்மாவிடம் சொன்னேன், கேட்கவில்லை. இரண்டுக்கும் வித்தியாசம் உண்டு என்று அப்போது எனக்குத் தெரியவில்லை. பதிவாளர் அலுவலகத்தில் காட்டின இடத்தில் எல்லாம் கையெழுத்துப் போட்டார். "அம்மியை மட்டும் எடுத்துக்கறேன் தம்பி" என்றார். அவ்வளவுதான்.

2018 நவம்பரில் கஜா புயல் அடித்த அன்று காலை டி.வி.யில் மன்னார்குடிப் பக்கம் மரங்கள் விழுந்து கிடப்பதைக் காட்டினார்கள். வீட்டை வாங்கியவர் நம்பரை என் போனில் தேடச் சொன்னார். அன்றைக்கு லைன் கிடைக்கவில்லை, மூன்றாம் நாள்தான் கிடைத்தது. அம்மா நலம் விசாரித்துவிட்டு, "மரம் நிக்குதா?" என்று கேட்டார். மூன்று தென்னையும் போய்விட்டது என்று அந்தப் பக்கம் சொல்லியிருக்க வேண்டும். போனை என்னிடம் கொடுத்துவிட்டுப் பால்கனிக்குப் போய் நின்றார். விற்று ஒன்பது வருஷம் ஆன வீட்டு மரம். அந்த வாரம் நம் சங்கத்திலிருந்து நிவாரணப் பொருள் அனுப்பியபோது அம்மாதான் பட்டியல் சொன்னார். தார்ப்பாய், மெழுகுவத்தி, தீப்பெட்டி, அரிசி. "பழைய துணி ஒண்ணும் அனுப்பாதே, அவங்களும் மனுசங்கதான்" என்றார்.

இப்போது வடகம்.

தாளிப்பு வடகம் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். சின்ன வெங்காயம், பூண்டு, ஊறவைத்த உளுந்து, கடுகு, சீரகம், வெந்தயம், கறிவேப்பிலை, மஞ்சள், கல் உப்பு எல்லாம் சேர்த்து ஒன்றிரண்டாக இடித்து ஒரு ராத்திரி ஊற விட்டு, உருண்டை பிடித்து வெயிலில் வைப்பது. சாயங்காலம் எடுத்து, கீழே தங்கிய சாற்றோடு திரும்பப் பிசைந்து, மறுநாள் திரும்ப உருட்டி வைக்க வேண்டும். இப்படி எட்டு நாள், பத்து நாள். நன்றாகக் காய்ந்த பிறகு விளக்கெண்ணெய் தடவி ஜாடியில் போட்டால் ஒரு வருஷத்துக்குக் கெடாது. மீன் குழம்பு, வத்தக்குழம்பு, கீரை எதற்கும் அதில் ஒரு துண்டைக் கிள்ளிப் போட்டுத் தாளித்தால் வாசம் மூன்றாவது மாடி வரைக்கும் போகும். காயும்போதும் போகும், அதுதான் பிரச்சினை.

வெள்ளத்துக்குப் பிறகு மொட்டை மாடியில் கசிவு வந்து, 2017 தொடக்கத்தில் வாட்டர் புரூஃபிங் செய்து வெள்ளை டைல்ஸ் பதித்தோம். ஒவ்வொரு வீட்டிலும் தனியாக வசூல் செய்த பணம். அந்தச் சித்திரையில் டைல்ஸ் மேல் மஞ்சள் கறை, காக்காய் கூட்டம், நாற்றம் என்று மூன்று புகார்கள் எழுத்தில் வந்தன. புகாரில் தப்பே இல்லை. செயலாளர் என்ற முறையில் நான் சுற்றறிக்கை போட்டேன். "மொட்டை மாடியில் வற்றல், வடகம், மிளகாய், தானியம் உள்ளிட்ட எப்பொருளையும் உலர்த்துதல் கூடாது. மீறினால் அபராதம் ரூ. 500." லிஃப்ட் பக்கத்தில் ஒட்டினேன். வீட்டுக்கும் ஒரு பிரதி எடுத்துப் போனேன்.

அம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு எழுத்துக் கூட்டிப் படித்தார். "வடகம்னு தனியா போட்டிருக்கியே தம்பி" என்று சிரித்தார். இந்த நாலு பிளாக்கிலும் வடகம் போடும் ஆள் ஒரே ஒருவர்தான் என்பது எழுதும்போது எனக்குத் தெரியாதா என்ன? "உனக்காக இல்லம்மா, எல்லாருக்கும் பொது" என்றேன். "பொதுன்னா சரிப்பா" என்றார். அன்றோடு மாடிக்குப் போவதை நிறுத்திவிட்டார். நான் நேர்மையாக நடந்துகொண்டதாக நினைத்துப் பெருமைப்பட்டேன். அடுத்த பொதுக்குழுவில் அதைச் சொல்லியும் இருக்கிறேன். "என் வீட்டுக்கும் இதே சட்டம்தான்" என்று சொன்னபோது நீங்கள் கை தட்டினீர்கள்.

காரியம் முடிந்த மூன்றாம் நாள் ஒரு அக்கா வீட்டுக்கு வந்தார். உங்கள் எல்லோருக்கும் தெரிந்தவர்தான், நம் பிளாக் படிக்கட்டைப் பெருக்கிக் குப்பை எடுப்பவர். கையில் ஒரு எவர்சில்வர் தூக்கு. உள்ளே வடகம். "இது அம்மாவோட பங்கு, எங்க வீட்லயே இருந்துடுச்சு சார்" என்றார்.

எனக்கு ஒன்றும் புரியவில்லை. அவர்தான் சொன்னார். 2017-ல் அம்மா மிச்ச வடகத்தைப் பால்கனியில் முறத்தில் வைத்துக் காயப் போட்டிருக்கிறார். கிழக்குப் பார்த்த பால்கனி, பத்து மணிக்கு மேல் வெயில் நகர்ந்துவிடும். உள்ளே காயாமல் பூஞ்சை பிடித்துவிட்டது. ஒரு நாள் விடியற்காலையில் அத்தனையையும் பச்சைத் தொட்டியில் கொட்டியிருக்கிறார். குப்பை எடுக்க வந்த அக்கா பார்த்துவிட்டுக் கேட்டிருக்கிறார். "வெயில் பத்தலைம்மா" என்றாராம் அம்மா. என்னைப் பற்றியோ சுற்றறிக்கை பற்றியோ ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஆனால் அந்தச் சுற்றறிக்கையை லிஃப்டில் ஒட்டும்போது எனக்கு ஸ்டூல் பிடித்ததே இந்த அக்காதான்.

அடுத்த வருஷத்திலிருந்து வடகம் காய்ந்தது இரண்டு தெரு தள்ளி இருக்கும் அக்கா வீட்டு மாடியில். ஒவ்வொரு சித்திரையிலும் பத்து நாள். காலையில் உருட்டி வைத்துவிட்டு வருவார், சாயங்காலம் வேன் வந்து பிள்ளைகளை வீட்டில் விட்டுவிட்டுத் திரும்பப் போவார். கோயிலுக்குப் போகிறார் என்று நாங்கள் நினைத்திருந்தோம். அக்கா வீட்டு மாடிக்குச் சிமெண்ட் படி கூடக் கிடையாது, இரும்பு ஏணி. 76 வயதில் ஆரம்பித்து 83 வரைக்கும் அந்த ஏணியில் ஏறியிருக்கிறார். கடைசி இரண்டு வருஷம் மட்டும் கீழே ஸ்டூல் போட்டு உட்கார்ந்து உருட்டிக் கொடுக்க, அக்கா மேலே கொண்டுபோய் வைத்திருக்கிறார். பாதி அவருக்கு, பாதி நமக்கு. இது அவர்களுக்குள் பேச்சு.

எனக்கு எது உறைத்தது என்றால், நான் அந்த எட்டு வருஷமும் வடகம் போட்டுத் தாளித்த குழம்பைச் சாப்பிட்டுக் கொண்டுதான் இருந்தேன். ஞாயிற்றுக்கிழமை தவறாமல். "இன்னிக்கு குழம்பு நல்லா இருக்கும்மா" என்று கூடச் சொல்லியிருக்கிறேன். இது எங்கே காய்ந்தது என்று ஒரு நாளும் எனக்குக் கேட்கத் தோன்றவில்லை. சட்டம் போட்டவன் நான். மாடியில் காய வைக்காத வடகம் என் தட்டில் எப்படி வந்தது என்று யோசித்திருக்க வேண்டியவனும் நான்தான்.

அக்காவிடம், "ஏன் என்கிட்ட சொல்லலை?" என்று கேட்டேன். "அம்மாதான் வேணாம்னாங்க. புள்ள கையெழுத்துப் போட்டதை நானே மீறினா அவன் நாளைக்கு எப்படி நாலு பேர்கிட்ட பேசுவான்னாங்க" என்றார்.

அன்றைக்குக் கை தட்டியவர்கள் யாரும் சங்கடப்பட வேண்டாம். நான் சொல்ல வந்ததும் மொட்டை மாடியைப் பற்றித்தான். அந்தச் சுற்றறிக்கை இன்னும் பி பிளாக் லிஃப்ட் பக்கத்தில் லேமினேட் செய்தபடி தொங்குகிறது, என் கையெழுத்தோடு. இப்போதைய நிர்வாகக் குழுவிடம் ஒரு மனு கொடுத்திருக்கிறேன். தண்ணீர்த் தொட்டிக்குத் தெற்கே பத்தடிக்கு எட்டடி இடம், மாசியிலிருந்து வைகாசி வரை மட்டும். கீழே தார்ப்பாய், மேலே காக்காய் வராமல் வலை. டைல்ஸில் கறை பட்டால் சுத்தம் செய்யும் செலவு என்னுடையது. வாசம் பிடிக்காது என்கிறவர்கள் அடுத்த கூட்டத்தில் வந்து தாராளமாகச் சொல்லுங்கள். அவர்கள் சொல்வதிலும் நியாயம் உண்டு, பேசி முடிவெடுப்போம். அனுமதி கிடைக்கும்வரை நானும் மாடியில் எதையும் காயப் போடமாட்டேன்.

பக்குவம் எனக்கும் தெரியாது, என் மனைவிக்கும் தெரியாது. மகள் பாதி தெரியும் என்கிறாள். முழுசாகத் தெரிந்தவர் அக்கா ஒருவர்தான். ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்து சொல்லித் தருவதாகச் சொல்லியிருக்கிறார், அதற்கான கூலியையும் பேசிவிட்டேன். அம்மி எங்கள் வீட்டில் இருக்கிறது, ஆனால் மிக்ஸியில் ஒரு சுற்று விட்டாலே போதும் என்கிறார். ஐந்து கிலோ வெங்காயம் உரிக்க ஆள் வேண்டும். வாசலில் ஒரு நோட்டு வைத்திருக்கிறேன், வர விருப்பம் உள்ளவர்கள் பெயரும் வீட்டு எண்ணும் எழுதிவிட்டுப் போங்கள். உரிக்க வருகிறவர்களுக்கு வீட்டுக்கு நாலு உருண்டை.

கீழே லாரி வந்துவிட்டது போலிருக்கிறது, ஹாரன் சத்தம் கேட்கிறது. சி பிளாக்காரர்கள் முதலில் போங்கள்.